பன்னிரண்டு பாகம் கம்பி

“கழுவாத இரும்பு மேல பூசுனாலும் துரு ஏறாத எண்ணெய் ஒண்ணு உண்டாம்மா?”

வணக்கம் இல்லை, ஊர் பேர் இல்லை. எடுத்த எடுப்பிலேயே மதுரநாயகம் இப்படித்தான் கேட்டார்.

தெக்லா ஒரு நங்கூரத்தின் மேல் குனிந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன், கழுவுனா என்ன?”

“தண்ணிக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரு. அவசரத்துக்கு எல்லாருக்கும் நல்ல தண்ணி கிடைக்குமா?”

“எல்லாருக்காகவுமா கேக்கிய?”

“ஆமா.”

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அன்று காலை கடலிலிருந்து எடுத்த ஓர் இரும்புத் தகட்டை நீட்டினாள். உள்ளங்கை அகலம் இருக்கும். இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“பூசிப் பாருங்க.”

“எத?”

“உங்க பையில என்ன இருக்கோ அத.”

அவ்வளவுதான். திரும்பவும் நங்கூரத்தின் மேல் குனிந்துவிட்டாள்.

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. தெக்லாவுக்கு வயது முப்பத்தெட்டு. துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில், இரும்புப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். வெல்டிங் கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேலேயே இருக்கும். எதிரே நின்ற சீடருக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். இருவருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

முகத்துவாரத்தில் ஒரு மிதவை இருக்கிறது. அதைக் கட்டியிருக்கும் சங்கிலிக்கு எட்டு வருடமாகத் தெக்லாதான் எண்ணெய் பூசுகிறாள். சங்கிலி இன்றைக்கும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அவளிடம் ஏதோ ரகசிய எண்ணெய் இருப்பதாக ஊருக்குள் பேச்சு. அந்த ரகசியத்தைக் கேட்டு வருகிறவர்கள் கையில் அவள் ஒரு கம்பி பிரஷ்ஷைக் கொடுப்பாள். முக்கால்வாசிப் பேர் ஒரே வாரத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். வெயிலில் காய வைப்பார்கள். பிறகு நாக்கால் தொட்டுப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் மறுபடியும் கழுவ வேண்டும். நாக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் எண்ணெய்.

நாயகம் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் உதவியாளராக இருந்தவர் அவர். எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் கத்தியே தொண்டை கட்டிப்போனவர்.

அவர் தகட்டைக் கழுவவில்லை. துணியால் ஒற்றியெடுத்தார். பையிலிருந்து டப்பாவை எடுத்தார். பூசினார்.

டப்பாவில் இருந்தது நாயகம் மை.

ஆமணக்கெண்ணெயையும் புன்னை எண்ணெயையும் காய்ச்சி, குங்கிலியம் கரைத்து, தேன்மெழுகு சேர்த்து அவரே உண்டாக்கியது அது. அதற்காகவே வேலையை விட்டார். பன்னிரண்டு வருட உழைப்பு. கடைக் கிரீஸ் மீனில் வாடை ஏற்றும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும். நாயகம் மை அப்படிச் செய்யாது. துறைமுகத்தில் பாதிப் படகுகள் அதற்கு மாறியிருந்தன. டப்பாவின் மேல் அவரே எழுதி அச்சடித்த ஒரு வரி உண்டு: ‘நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே பூசவும்.’

இந்த வரியை எழுதிய மனிதர்தான், கழுவாமல் பூச எண்ணெய் தேடி வந்திருக்கிறார். ஏன் என்று தெக்லா கேட்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

அந்த மையை முதன்முதலில் நம்பி வாங்கியவன் இன்னாசி. விசைப்படகு டிரைவர். மற்றவர்கள் எல்லாம், “விளக்கெண்ணெயக் கொண்டு போய் இரும்புக்குத் தடவச் சொல்லுதாரே” என்று சிரித்தபோது, அவன் ஒருவன்தான் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனான்.

படகில் ஒரு கம்பி வடம் உண்டு. பாய்மரக் கப்பி வழியாக ஓடி, மீன் நிறைந்த வலையின் மடியைத் தண்ணீரிலிருந்து தூக்குவது. கைகளை விரித்து அளந்தால் பன்னிரண்டு பாகம் வரும். அந்தக் கம்பிக்கு மை போடுவது டிரைவரின் வேலை. இன்னொருவர் கை அதில் படக் கூடாது என்பது அந்தத் துறைமுகத்து வழக்கம். அதன் கீழேதான் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் உயிருக்கு ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று ஏற்பட்டது அது.

போன வருடம் ஆகஸ்ட் மாதம் இன்னாசியின் மகளுக்குப் புதுநன்மை. முதல் முறை நற்கருணை வாங்குகிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசையும் விருந்தும். திங்கட்கிழமை விடியும்போது படகு கடலுக்குப் போக வேண்டும். கம்பிக்கு மை போட நாள் இல்லாமல் தவித்தான்.

நாயகம்தான் வலியப் போய்ச் சொன்னார்.

“புள்ளைக்குப் புதுநன்ம, அப்பன் பக்கத்துல நிக்காண்டாமா? கம்பிய எங்கிட்ட குடு. கழுவிக் காய வச்சுப் போட்டுத் தாறேன்.”

“வேற கை படக் கூடாதே அண்ணாச்சி.”

“யாரு பாக்கப் போறா?”

இன்னாசி கம்பியைச் சாக்கில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து போட்டான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வர வேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. நாயகம் மதியம் வரை தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியை எடுத்தார். கம்பியை நன்றாகத் துடைத்தார். மையைச் சூடாக்கிப் பூசினார். ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். நாம் எல்லோரும் நினைப்பதுதான்.

சாயங்காலம் இன்னாசி வந்தான். கம்பியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

“மாப்பிள்ள மாதிரில்லா மினுங்குது! கழுவியாச்சில்லா அண்ணாச்சி?”

“ஆச்சு.”

மறுநாள் விருந்துக்குப் போனார். நகக்கண்ணில் மை அப்படியே இருந்தது. வாசலில் நின்ற நீல டிரம்மிலிருந்து இன்னாசியே தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினான். ஒரு செம்பு போதவில்லை, இன்னொரு செம்பும் ஊற்றினான். நல்லா கழுவுங்க அண்ணாச்சி, பிரியாணிக்குக் குங்கிலிய வாசம் வந்திரப் போவுது என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஐந்து மாதம் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஜனவரியில், நடுக்கடலில், மடி நிறைய மீனோடு அது அறுந்தது. மடி இன்னாசியின் மேல் விழுந்தது. அறுந்த நுனி சுழன்று வந்து அவன் தம்பி அருளப்பனின் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது.

கரைக்கு வந்ததும் கம்பியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது.

சாவு வீட்டில் யாரோ கேட்டார்கள், “மை சரியில்லையோ?”

இன்னொருவர் சொன்னார், “மைக்கு என்ன? கழுவாம பூசுனா எந்த மை நிக்கும்? சோம்பல் பட்டிருக்கான்.”

பக்கத்தில் நின்ற நாயகம் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் அவரைத் தூங்கவிடவில்லை. அவர் வாயே திறக்கவில்லை, தலை மட்டும்தான் அசைந்தது. அதில் ஒரு செத்த மனிதனின் பெயர் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அருளப்பன், அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

“எங்கண்ணன் ஒரு நாளு சோம்பல் பட்டான். அதுக்கு என் கை போச்சு.”

அதோடு அந்த வீட்டுப் படி ஏறுவதை விட்டான். இன்னாசியின் பெண்டாட்டி நத்தாலி ஒரு மாதம் வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவரு சோம்பேறி இல்ல, அவரு கழுவாம பூசவே மாட்டாரு என்று. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள் என்று நாயகத்துக்குத் தெரிந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் எண்ணெய் தேடிப் புறப்பட்டார்.

உப்போடு கிடக்கும் இரும்பையும் காப்பாற்றுகிற எண்ணெய் ஒன்று உலகத்தில் இருந்தால், அது நாயகத்துக்குத் தெரியாமல் போனது மட்டும்தான் குற்றம். சேர்மானத்தில் வந்த பிசகு. அவ்வளவுதான். அப்படியொரு எண்ணெய் கிடைத்துவிட்டால் போதும், நிம்மதியாகச் செத்துப்போகலாம் என்று நம்பினார். படித்த மனிதருக்கு இப்படியெல்லாம் நம்ப வரும்.

தெக்லா தகட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினாள். அக்டோபர் மழை தொடங்கியிருந்தது.

இருபது நாள் கழித்து மேலே தூக்கினார்கள். தகடு மினுங்கியது. தெக்லா கட்டைவிரலால் மையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். அடியில் சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது.

“மெழுகு கம்மி போல” என்றார் நாயகம்.

“இருக்கும்.”

“கூட்டிப் பாக்கட்டா?”

“கூட்டுங்க.”

மெழுகைக் கூட்டினார். தகட்டைத் துணியால் ஒற்றினார். பூசினார். இருபது நாள். மறுபடியும் அதே மினுக்கம். கட்டைவிரல் பட்டதும் அதே சிவப்பு.

“ஆமணக்க இன்னும் கெட்டியா காய்ச்சியிருக்கணும்.”

“காய்ச்சுங்க.”

“நீங்க ஒண்ணுமே சொல்லித்தர மாட்டியளாம்மா?”

தெக்லா அவர் கையில் கம்பி பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

“அந்தப் படகுக்கு அடியில துரு சுரண்டணும். அடுத்த மழைக்கு முந்தி முடிங்க.”

அவர் பட்டறையிலேயே தங்கியிருந்தார். தகரக் கொட்டகையில் படுக்கை. பகலெல்லாம் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து சுரண்டுவார். துரு கண்ணில் விழும், வாயில் விழும். துப்புவார். உப்புக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வானம் ஒரு நாளும் வெளுக்கவில்லை.

மூன்றாவது தகட்டுக்கு அவர் ஒரு காரியம் செய்தார். தெக்லா இல்லாத நேரம், அவளுடைய டப்பாவிலிருந்து இரண்டு விரல் மை எடுத்துப் பூசிவிட்டார்.

அவள் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“என் டப்பாவுல கை வச்சியளா?”

நாயகம் தலைகுனிந்தார். “ஆமா.”

“நல்லதாப் போச்சு. மொத நாளே எடுத்திருந்தா ரெண்டு தகடு மிச்சம்.”

இருபது நாள் கழித்து அந்தத் தகடும் மேலே வந்தது. மினுக்கம். கட்டைவிரல். சிவப்பு.

நாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்க மையும் நிக்கலையே! அப்ப மிதவச் சங்கிலின்னு ஊரே பேசுறதெல்லாம் பொய்யா?”

தெக்லா துறையின் மறுமுனைக்கு நடந்தாள். அங்கே இன்னொரு கயிறு கட்டியிருந்தது. அதை அவர் அதுவரை கவனிக்கவில்லை. இழுத்தாள். ஒரு தகடு வந்தது. கட்டைவிரலால் மையைத் தள்ளினாள். இரும்பு வெள்ளையாகச் சிரித்தது.

“இது எந்த மைம்மா?” நாயகத்தின் குரல் இறங்கிவிட்டது.

“உங்க மைதான். நீங்க வந்த அன்னைக்கு உங்க பையில இருந்து எடுத்தேன். நானும் கை வச்சேன்.”

“இதுக்கு மட்டும் என்ன செஞ்சிய?”

தெக்லா தரையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு தகட்டை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை நாக்கால் தொட்டாள்.

நாயகம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“அது எனக்குத் தெரியாதா? அதையா கேட்டு வந்தேன்?” என்றார்.

“என்ன கேட்டு வந்தியன்னுதான் எனக்கும் தெரியல, அண்ணாச்சி.”

மறுநாள் விடாத மழை. பட்டறையில் வேலை இல்லை. ஆட்கள் வரவில்லை. தெக்லா ஒரு காலித் தகர டின்னின் மேல் உட்கார்ந்து, சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பின்னால கொட்டகையில பழைய கம்பி ஒண்ணு கிடக்கு. எடுத்தாருங்க” என்றாள்.

நாயகம் போனார். மூலையில், சாக்குக்கு அடியில், அது சுருண்டு கிடந்தது. பார்த்ததுமே தெரிந்தது. நுனி வளையத்தில், மை பூசிய அன்று அவரே செம்புக் கம்பியால் போட்ட கட்டு. ஆறு சுற்று சுற்றி, முனையை உள்பக்கமாக மடித்து. சோதனைக்கூடத்துப் பழக்கம். அப்படிக் கட்டுகிற கை துறைமுகத்தில் வேறு கிடையாது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“கிடைக்கலம்மா.”

தெக்லா எழுந்து போனாள். மழையில் நனைந்துகொண்டே கம்பியைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டாள்.

“இன்னாசி படகுக் கம்பி. ஓனர் பழைய இரும்புக்குப் போட்டாரு. நான் கேட்டு வாங்குனேன்.”

நாயகம் காலை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எதுக்கு வாங்குனிய?”

“மேல பாருங்க.”

பார்த்தார். கப்பி உரசாத இடமெல்லாம் அந்தக் கறுப்பு மினுக்கம் குலையாமல் இருந்தது.

“ஒண்ணரை வருசம் ஆகப் போவுது” என்றாள் தெக்லா. “வெயிலு, மழ, கடல் எல்லாம் பாத்திருக்கு. மேல ஒரு பொட்டுத் துரு இல்ல. நானும் இத்தன வருசமா மை காய்ச்சுதேன். இப்படி ஒரு மை எனக்கு வரல.”

பன்னிரண்டு வருடமாக யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவர் நாயகம். அது கிடைத்தது. கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

“பிரிங்க” என்றாள்.

அவர் கூரிரும்பை எடுத்துக் கம்பியின் புரிகளுக்கு நடுவே குத்தினார். திருகினார். ஒரு புரி விலகியது. செம்பொடி அவர் மடியில் கொட்டியது. வேட்டி சிவந்துபோனது.

“இன்னாசி கழுவாமலா பூசியிருப்பான், அண்ணாச்சி?”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

நாயகம் நீட்டிய தன் விரலையே பார்த்தார். அதில் செம்பொடி ஒட்டியிருந்தது. அவர் விரலை வாயில் வைத்தார்.

“கரிக்குதா?”

“கரிக்குது.”

விரலை வேட்டியிலேயே துடைத்தார். பிறகு அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

“இன்னாசி பூசலம்மா. நாந்தான் பூசுனேன்.”

“கழுவினியளா?”

“இல்ல.”

அடிப்பாளோ, காறித் துப்புவாளோ என்று காத்திருந்தார். ஒருவேளை தோளைத் தொடுவாளோ என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. மனுச ஜென்மம்.

தெக்லா சங்கிலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விட்ட கண்ணியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

“ஏதாவது சொல்லுங்கம்மா.”

“எனக்கு இன்னாசி என்ன சொந்தமா? எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?”

“அங்க போய்ச் சொன்னா எல்லாம் போயிரும். என் மைய ஒருத்தன் தொட மாட்டான். பன்னெண்டு வருசம்மா.”

“மை நல்ல மைதான், அண்ணாச்சி” என்றாள் தெக்லா.

அவர் உட்கார்ந்தே இருந்தார். அவள் பத்துக் கண்ணி துடைத்தாள்.

“மழ விடட்டும்” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

நத்தாலியின் வீடு மாதா கோவிலுக்குப் பின் தெருவில். கருவாடு காயப்போட முடியாத மழைக்காலம் என்பதால் வீட்டிலேயே இருந்தாள். அவர் நனைந்து வந்த கோலத்தைப் பார்த்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“அருளப்பனையும் கூப்பிடணும், தாயி.”

“அவரு இந்தப் படி ஏற மாட்டாரு, அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?”

நாயகமே போய்க் கூப்பிட்டார். அருளப்பன் வந்தான். ஆனால் வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்திலேயே நின்றுகொண்டான். இடது சட்டைக் கை மடித்துக் குத்தியிருந்தது.

நாயகம் கம்பியைத் தரையில் வைத்தார். அதைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் மாறியது.

“இந்தக் கம்பிக்கு இன்னாசி மை போடல. புள்ள புதுநன்மைக்குக் கூட நிக்கட்டும்னு நாந்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். அந்த சனிக்கெழம தண்ணி லாரி வரல. துணியால தொடச்சிட்டுப் பூசிட்டேன். கழுவியாச்சான்னு இன்னாசி கேட்டான். ஆச்சுன்னு சொன்னேன்.”

அருளப்பன் கம்பியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

“சாவுக்கு வந்தியளே” என்றான் அருளப்பன்.

“வந்தேன்.”

“அண்ணன் சோம்பல் பட்டிருக்கான்னு அவிய சொன்னப்ப, நீங்க பக்கத்துலதான் நின்னியளாமே?”

“நின்னேன். தலையாட்டுனேன்.”

அருளப்பன் வலது கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி உள்ளே வந்தான். நேராகச் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றான். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டான். தோள் குலுங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

நத்தாலி அழவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாயகத்துக்கு அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது.

“இது எவ்வளவு நீளம்?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு பாகம், தாயி.”

“கழுவ எவ்வளவு தண்ணி வேணும்?”

நாயகம் யோசித்தார். எத்தனையோ முறை கழுவியிருக்கிறார். அளந்து பார்த்ததில்லை.

“நாலு குடம். கூடிப்போனா அஞ்சு.”

நத்தாலி வீட்டு மூலையைப் பார்த்தாள். அங்கே அந்த நீல டிரம் இருந்தது. இப்போது அதில் விறகு அடுக்கி வைத்திருந்தாள்.

“விருந்துக்குன்னு வெள்ளிக்கெழமையே டிரம் நெறைய நல்ல தண்ணி பிடிச்சு வச்சிருந்தோம்” என்றாள். “எல்லாரும் சாப்பிட்டுப் போன பெறவும் பாதி மிச்சம் கெடந்துச்சு. கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி.”